தெய்வம் என்று சொல்லித் தப்பித்தேன்

எங்கள் வீட்டில் சண்டை நின்றுபோன காலத்தை எங்கள் தாம்பத்தியத்தின் நல்ல காலம் என்று நம்பினேன். நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். கல்யாணமான புதிதில் எதற்கெடுத்தாலும் என்னோடு வாதாடியவள் நாற்பதைத் தாண்டியதும் பக்குவப்பட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பக்குவப்படவில்லை. இவரிடம் பேசிப் பயனில்லை என்று முடிவுக்கு வந்திருந்தாள். அந்த முடிவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். எப்படி நிறுத்தினேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நான் குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை, சம்பளத்தை ஒளித்ததில்லை. இந்த மூன்றும் இருந்தாலே நம் ஊரில் ஒரு ஆணுக்கு நல்ல கணவன் என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. எனக்கும் கிடைத்தது. அந்தப் பெயருக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷியை மெல்ல மெல்ல வற்றவிட முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நான் மேலாளராக இருந்தபோது, ஒரு மார்கழிக் காலையில் அம்மா குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்று சாயங்காலம் திருச்சியிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். இனிமேல் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று கூடத்தில் பேசினோம். என் மனைவி அப்போது அடுப்படியில் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் காபித் தட்டோடு வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இருக்கும்போது எங்களுக்கு என்னம்மா கவலை” என்றார். நான் தலையாட்டினேன். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை, அது உண்மைதான். ஆனால் விடாமல் இருக்க வழியில்லாதபடி எல்லாம் அமைந்தபோது நான் பேசாமல் இருந்தேன். அவளுடைய ராஜினாமாக் கடிதத்தை என் கம்ப்யூட்டரில் நான்தான் அடித்துக் கொடுத்தேன். “குடும்பச் சூழ்நிலை காரணமாக” என்று எழுதினேன். அவள் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்வதில் என்னென்ன அடங்கும் என்பது எனக்குத் தெரியாமல் போனதே என் குற்றத்தின் முதல் பகுதி. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான். புரையேறாமல் இருக்கத் தலையை உயர்த்தி வைத்து, சோற்றைக் குழைத்து, ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கியதா என்று பார்த்து ஊட்ட வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, டயப்பர், விரல்கள் மடங்கி இறுகிவிடாமல் இருக்கப் பயிற்சி. இவற்றோடு நலம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் காபி. அம்மா விழுந்த கதையை முதலிலிருந்து சொல்வது. அதையும் முகம் சுளிக்காமல் சொல்வது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கிய பிறகு எங்கள் தெருவுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்துபோனார். ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது, அம்மா ராத்திரி எத்தனை தடவை விழிக்கிறார் என்று கேட்டார். நான் அடுத்த அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். பதில் அங்கிருந்துதான் வந்தது.

நான் செய்தது ஒன்றே ஒன்று. பாராட்டினேன்.

“அம்மா உன் கையால கொடுத்தாத்தான் சாப்பிடறாங்க” என்று சொல்வேன். அது உண்மை. நான் ஊட்டப் போனபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்தேன். அப்போது எனக்குள் வந்தது வருத்தமல்ல, நிம்மதி. என் மனைவியிடம் மட்டும் அம்மா எப்படிச் சாப்பிட்டார்? அவளும் முதல் வாரம் முழுக்கத் தோற்றாள். தோற்றும் உட்கார்ந்திருந்தாள். அவள் உழைத்துச் சம்பாதித்த பழக்கத்தை அவளுக்கு வாய்த்த கைராசி என்று மாற்றிச் சொல்லி, அந்த வேலையை அவள் பெயரிலேயே எழுதி வைத்தேன்.

வருகிறவர்களிடம் “இவ எங்க வீட்டுத் தெய்வம்” என்பேன், அவள் காதில் விழும்படி. அக்கா போனில் அழுதுகொண்டே சொல்வார், “மருமக இல்லடா, அம்மாவுக்கு அவதான் பெத்த மக” என்று. நாங்கள் எல்லோரும் மனதாரத்தான் சொன்னோம். அதுதான் கொடுமை. பொய்யான புகழ்ச்சியாக இருந்திருந்தால் அவளால் அதைத் தூக்கி எறிந்திருக்க முடியும். மனதாரச் சொன்னதை எறிய முடியாது. ஏற்றுக்கொண்டால் அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டே இருக்க வேண்டும். தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது. தெய்வம் இன்றைக்கு என்னால் முடியாது என்று சொல்லாது. சோர்ந்துபோகும் உரிமையை அவளிடமிருந்து நாங்கள் அன்பாகப் பிடுங்கிக்கொண்டோம்.

ஆரம்பத்தில் அவள் சொல்லத்தான் செய்தாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, “எனக்கு முடியலைங்க” என்பாள். நான், “உன்னால முடியாததுன்னு ஒண்ணு இருக்கா?” என்பேன். ஆறுதல் சொன்னதாகவே நினைத்தேன். ஒரு முறை அவள் அழுதபோது ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றேன். ஆள் தேடியது, சம்பளம் பேசியது, வந்த அம்மாவுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது, அந்த அம்மா சொல்லாமல் நின்றுபோன அன்று மறுபடி தேடியது, எல்லாம் அவளே. நான் பணம் தருகிறேன் என்றேன். தந்தேன். பணம் தந்ததோடு என் பங்கு முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்கு மேலும் அவள் பேசினால் மௌனமாகிவிடுவேன். டி.வி.யின் சத்தத்தைக் கூட்டமாட்டேன், எழுந்து போகமாட்டேன்; முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பேன். அவள் பேசித் தீர்த்துவிட்டு எழுந்து போவாள். இதைப் பார்த்து என் மாமனாரே “மாப்பிள்ளை பொறுமைசாலி” என்று சொல்லியிருக்கிறார். பெற்ற அப்பாவே என் பக்கம் நின்றபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

பிற்பாடு, எல்லாம் கைமீறிப்போன பிறகு, இதைப் பற்றி நிறையப் படித்தேன். படித்ததில் பாதியை என்னைக் காப்பாற்றிக்கொள்ளவே படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதியர் சண்டைகளைப் பல்லாண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தவர். வாக்குவாதத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாகக் காதில் ஏறாது, பேச்சை அடைத்துக்கொண்டு சுவராகிவிடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்கிறார் அவர். அதைப் படித்ததும் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. பார், இது உடம்பின் வேலை, என் தப்பில்லை என்று. ஆனால் அவரே அதற்கு அடுத்ததையும் சொல்கிறார்: குறைந்தது 20 நிமிடம் விலகியிருந்து உடம்பு அடங்கட்டும், பிறகு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசுங்கள். நான் ஒரு நாளும் திரும்பி வரவில்லை. காலையில் எழுந்து ஒன்றும் நடக்காததுபோலச் சட்டையை மாட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன்.

என்னைத் தப்பவிடாமல் பிடித்தது வேறொரு ஆராய்ச்சி. ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990-இல் வெளியிட்டது. ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பது, மற்றவர் ஒதுங்கிக்கொண்டே இருப்பது என்ற நடையை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெண் நச்சரிப்பாள், ஆண் ஒதுங்குவான், அது சுபாவம் என்றுதான் பொதுவாகச் சொல்வோம். அவர்கள் பார்த்ததில், மனைவி மாற்றம் கேட்ட விஷயத்தைப் பேசும்போது மனைவி கேட்பதும் கணவன் ஒதுங்குவதும் தெளிவாக இருந்தது. கணவன் மாற்றம் கேட்ட விஷயத்தைப் பேசும்போது அந்த வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் சுபாவம் மட்டும் காரணமில்லை. இருப்பது இருந்தபடியே இருப்பதில் யாருக்கு லாபமோ அவர் ஒதுங்குகிறார். என் பொறுமைக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பேச ஆரம்பித்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க நானும் எழுந்திருக்க வேண்டியிருக்கும். அதனால் பேசவில்லை.

பர்ன் அவுட் என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதை முதலில் ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் பகலெல்லாம் தன் தொழிலைப் பார்த்துவிட்டு, போதைக்கு அடிமையானவர்களுக்கான இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர். தானே அதில் விழுந்து, 1974-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். ஈடுபாட்டோடு உழைக்கிறவர்களைத்தான் இது பிடிக்கிறது என்றார். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து இதை அளக்க ஓர் அளவுகோல் கொண்டுவந்தார். அதில் மூன்று அடையாளங்கள்: உணர்வு வறண்டுபோவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, செய்வதில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை வேலையிடத்தோடு சேர்ந்த ஒன்றாக மட்டும் வரையறுத்தது; வாழ்க்கையின் மற்ற பகுதிகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. ஒரு சொல்லின் எல்லையைக் கறாராக வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் வீட்டின் பின்னறை ஒரு வேலையிடமாகத்தான் இருந்தது. அங்கே ஷிப்ட் முடியவில்லை, வார விடுமுறை இல்லை. இருந்த ஒரே மேலதிகாரி, குறையைச் சொன்னால் புகழ்ந்து அனுப்பிவிடுகிறவன்.

நானும் சோர்ந்துதான் வீட்டுக்கு வந்தேன் என்று நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. ஆர்லி ஹாக்‌ஷைல்ட் 1983-இல் எழுதிய புத்தகத்தில் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் பார்த்து, உள்ளே இருப்பது ஒன்றாகவும் முகத்தில் காட்டுவது வேறாகவும் வைத்துக்கொள்வதே ஓர் உழைப்பு என்று நிறுவினார். நகைக்கடன் கவுன்டரில் கத்துகிறவரிடம் சிரிப்பதும், தவணை கட்டாதவரிடம் கடுமை காட்டுவதும் எனக்குத் தெரிந்த உழைப்புதான். ஆனால் எனக்கு அது ஐந்தரைக்கோ ஆறரைக்கோ முடிந்தது. அதற்குச் சம்பளம் இருந்தது, அந்த நாற்காலிக்கு மரியாதை இருந்தது. அவளுக்கு அடுப்படியில், அம்மாவின் கட்டிலருகே, உறவினர் முன்னால், கடைசியில் படுக்கையறையில் என்று முகத்தை இறக்கி வைக்க ஓர் இடம்கூட இல்லை. என் எதிரிலாவது இறக்கி வைத்திருக்கலாம். நான் அதற்குத் தோதான ஆளாக இல்லை.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. அந்த 97-இல்கூட நான் சேரமாட்டேன். நிமிடங்களில் அடங்காததும் ஒன்று இருக்கிறது. மாத்திரை வியாழக்கிழமையோடு தீர்கிறது, டயப்பர் இன்னும் நான்குதான் மிச்சம், மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நாளை என்று எல்லாவற்றையும் ஒருத்தியே மனதில் ஏந்திக்கொண்டு நடப்பது. நான் கேட்டதைச் செய்வேன், ‘சொன்னா வாங்கிட்டு வரப்போறேன்’ என்பேன். ஞாபகம் வைத்துக்கொண்டு சொல்வதே ஒரு வேலை என்பது எனக்கு உறைக்கவில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னபோது, பேப்பரில் வந்ததை நான்தான் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நல்ல தீர்ப்பு என்றேன். அவள் கையில் அம்மாவின் அழுக்குத் துணி இருந்தது. நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அம்மா போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பியபோது அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. அசதி என்று நினைத்தேன். தூங்கி எழுந்தால், கொஞ்ச நாள் போனால், பழையபடி ஆகிவிடுவாள் என்று காத்திருந்தேன். அடுத்த சில மாதங்களில் எனக்கு ஓசூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. கொஞ்சம் பயந்துகொண்டே சொன்னேன். “சரி, போயிட்டு வாங்க” என்றவள், எத்தனை சட்டை எடுத்து வைக்கணும் என்று கேட்டாள். அந்தக் குரலை என்னால் விவரிக்க முடியவில்லை. குத்தல் இல்லை, வருத்தம் இல்லை. கோபமா என்று கேட்டேன். “கோபம் எல்லாம் இல்லீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணுமே இல்ல” என்றாள். என்னைப் புண்படுத்த அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

அயலா பைன்ஸ் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் தம்பதியரின் பர்ன் அவுட்டைப் பற்றி 1996-இல் ஒரு புத்தகமே எழுதினார். வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் இந்த உறவில் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள்தான் இப்படித் தீர்ந்துபோகிறார்கள் என்பது அவருடைய வாதம். எதையும் எதிர்பார்க்காமல் வந்தவருக்கு ஏமாற்றம் இல்லை, அதனால் தீர்ந்துபோக ஒன்றும் இல்லை. இதைப் படித்த அன்று வேறெதையும் என்னால் செய்ய முடியவில்லை. அவள் என்னிடம் சண்டை போட்ட ஆண்டுகள் முழுக்க என்னை நம்பியிருந்தாள். இவரிடம் சொன்னால் கேட்பார், இன்று கேட்காவிட்டால் நாளை கேட்பார் என்று. ஒவ்வொரு சண்டையும் அந்த நம்பிக்கையில் வந்தது. ஒவ்வொன்றையும் நான் பொறுமையாக, புகழ்ச்சியாக, பணமாகத் தட்டிவிட்டேன்.

ஆலோசகர் ஒருவரிடம் போனோம். கூப்பிட்டது நான், அவள் மறுக்கவில்லை, விருப்பமும் காட்டவில்லை. உங்கள் மனைவியின் ஒரு நாளைக் காலையிலிருந்து சொல்லுங்கள் என்றார் ஆலோசகர். எழுவது, வாசல் தெளிப்பது, காபி, டிபன், மகளை அனுப்புவது, என் சாப்பாட்டுப் பை. எட்டரை மணி வந்தது. நான் வண்டியை எடுக்கும் நேரம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவளின் பகல் எனக்குத் தெரியவில்லை. ஆலோசகர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு உதவவில்லை. உதவாமல் இருந்தது சரி.

இப்போது அவள் மறுபடி ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறாள். ஓசூரிலிருந்து வாரக் கடைசியில் வருகிறேன், சமைக்கிறேன், அந்த இரண்டு நாளும் வீட்டின் நினைப்பு என் தலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். முதன்முதலில் குழம்பு வைத்த அன்று அவள் நன்றாக இருக்கிறது என்று சொல்வாளா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. பாராட்டால் அவளை வேலை வாங்கியவன், இரண்டு கரண்டி குழம்புக்கு அதே பாராட்டை எதிர்பார்த்தேன்.

அக்கா மகள் கல்யாணத்தில் அத்தான் வீட்டு உறவினர் ஒருவர், “உங்க வீட்டுக்காரி மாதிரி வருமா, மாமியாரை அப்படிப் பார்த்த மகராசி” என்று ஆரம்பித்தார். அந்த இடத்திலேயே சொன்னேன்: அவளிடம் யாரும் கேட்கவில்லை, நான் ஒரு ராத்திரிகூட எழுந்திருக்கவில்லை, அக்காவும் வந்து இருக்கவில்லை. அக்கா அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை. திரும்பி வரும்போது காரில் என் மனைவி, “அதை அங்க போய் ஏன் சொன்னீங்க? அதுவும் உங்களுக்காகத்தானே” என்றாள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. சொன்ன பிறகு எனக்குத்தான் மனசு லேசாகியிருந்தது. அவளைக் கேட்காமல் அவள் வாழ்க்கையைப் பத்துப் பேர் முன்னால் நான் மறுபடியும் எடுத்துப் பேசியிருந்தேன்.

அதனால் இதை எழுதும் முன் கேட்டேன். எழுதியதும் கொடுத்தேன். அவள் மேசையில் உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற அதே கவனத்தோடு முழுவதும் படித்தாள். பெயர் போட வேண்டாம் என்றாள். மகளைப் பற்றி இருந்த ஒரு பத்தியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். பிறகு, “இதுலயும் என்னைத் தெய்வமாத்தான் வெச்சிருக்கீங்க” என்றாள். “அத்தை எப்ப போவாங்கன்னு நான் நினைச்சிருக்கேன். ஒரு நாள் கோபத்துல அவங்க கையை வெடுக்குனு இழுத்துப் புரட்டியிருக்கேன், தோள் கன்னிப்போச்சு. நீங்க கேட்டப்போ படுக்கை கட்டையில இடிச்சுதுன்னு சொன்னேன். நீங்க நம்பினீங்க. அதையும் எழுதுங்க.”